ஸ்ரீரங்கம் அடங்கும், திருச்சிராப்பள்ளி அடங்காது

மின்னஞ்சலின் தலைப்பு வரியில் ‘ஸ்ரீரங்கம்’ என்று மட்டும் இட்டு ஒரு புரோகிராம் வழியாக அனுப்பினால், அந்தப் பெயர் ஒரே துண்டாகப் போய்ச் சேரும். ‘திருவானைக்காவல்’ என்று இட்டாலும் ஒரே துண்டுதான்; ஆனால் அதற்குப் பின் ஓர் எழுத்துக்குக்கூட இடம் இராது. ‘திருச்சிராப்பள்ளி’ என்று இட்டால், விதிப்படி அது இரண்டாக உடைந்துதான் பயணம் செய்யவேண்டும். படிப்பவருக்கு இது எதுவும் தெரியாது. மடலைத் திறந்தால் ஊர்ப்பெயர் முழுதாக இருக்கும். அனுப்பும் பக்கத்தில் பெயரை எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது என்று பார்த்து உடைப்பது, மின்னஞ்சல் வேலைக்கென்றே எழுதிவைக்கப்பட்ட ஒரு நிரல் நூலகம். புரோகிராம் எழுதுகிறவர்கள் பேச்சில் அது ‘லைப்ரரி’.

இன்று நமக்கு வரும் மடல்களில் பலவற்றை எந்த மனிதரும் உட்கார்ந்து தட்டியதில்லை. எழும்பூருக்கு ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்ததும் வரும் டிக்கெட், கோயிலுக்கு இணையத்தில் செலுத்திய அன்னதான நன்கொடைக்கான ரசீது, கல்லூரிக் கட்டணம் கட்டியதற்கான ஒப்புகை, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்ற வரும் இணைப்பு என்று எல்லாமே புரோகிராம்கள் அனுப்புபவை. திருச்சி என்.ஐ.டி. மாணவர்கள் 2005 முதல் பிரக்யான் என்ற தொழில்நுட்ப விழாவை நடத்திவருகிறார்கள். அங்குள்ள டெல்டா ஃபோர்ஸ் என்ற மாணவர் குழு, இணையதளங்களை நடத்துவதற்கான ஒரு மென்பொருளைப் பிஎச்பி மொழியில் தாங்களே எழுதி, பிரக்யான் சிஎம்எஸ் என்ற பெயரில் திறமூலமாக வெளியிட்டது. பலரும் பெயர் பதிவு செய்யும் இப்படிப்பட்ட மென்பொருள் எதை எழுதினாலும், ‘இந்த முகவரி உங்களுடையதுதானா’ என்று கேட்டு ஒரு மடல் அனுப்பவேண்டிய இடம் வந்தே தீரும். அந்த இடத்தில்தான் லைப்ரரி தேவைப்படுகிறது.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, மடலைக் கைமாற்றும்போது இரண்டு கணினிகள் என்ன பேசிக்கொள்கின்றன என்று பார்க்கவேண்டும். அந்தப் பேச்சுக்கான விதிகளை ஜான் போஸ்டெல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். எஸ்எம்டிபி என்று அதற்குப் பெயர். 2008-இல் ஆர்எஃப்சி 5321 என்று புதுப்பித்தபோதும் அடிப்படை மாறவில்லை. புரோகிராம் இணைப்பு கேட்டதும், மடலை வாங்கிக்கொள்ளும் கணினியான சர்வர் 220 என்று ஓர் எண்ணைச் சொல்லும். ‘தயார்’ என்று பொருள். புரோகிராம் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். சர்வர் 250 என்று ஏற்கும். அடுத்து யாரிடமிருந்து என்று ஒரு வரி, யாருக்கு என்று ஒரு வரி, இரண்டுக்கும் 250. ‘இனி மடலைத் தருகிறேன்’ என்றால் 354, அதாவது ‘கொடு’. மடல் முழுவதும் போனபின் ஒரு வரியில் தன்னந்தனியாக ஒரு புள்ளி. அதுதான் முற்றும். சர்வர் மறுபடி 250 சொன்னால், மடலுக்கு இனி அது பொறுப்பு.

அந்தப் புள்ளியைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். மடலுக்குள்ளேயே ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்துவிட்டால்? சர்வர் அதையே முடிவென்று எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டளைகளாகப் படிக்கத் தொடங்கிவிடும். இதைத் தடுக்க, புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரியின் முன்னும் லைப்ரரி இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்புகிறது. பெறும் சர்வர் அதை நீக்கிவிடுகிறது. சொந்தமாக மடல் அனுப்பும் நிரலை எழுதிப் பார்க்கிற மாணவருக்கு இந்த விதி தெரியாமலே போகலாம். சோதனையில் எல்லாம் சரியாக ஓடும். என்றோ ஒருநாள் யாரோ ஒருவருடைய மடல் பாதியில் அறுந்துபோகும்.

இன்னொன்று: ‘யாருக்கு’ என்பது இரண்டு இடங்களில் இருக்கிறது. தபாலில் உறைமேல் ஒரு முகவரி, உள்ளே கடிதத்தின் தலையில் ஒரு முகவரி என்று இருப்பதுபோலத்தான். சர்வர்கள் உறையை மட்டும் பார்த்து மடலைக் கொண்டுசெல்கின்றன. நாம் திரையில் காண்பது கடிதத்தின் தலை. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒருவர் பெயரை மறைத்து அவருக்கும் பிரதி அனுப்ப முடிவது இதனால்தான்: உறையில் அவர் முகவரி இருக்கும், கடிதத்தில் இருக்காது. மோசடிக்காரர் வங்கியின் பெயரில் மடல் அனுப்ப முடிவதற்கும் இதே பிளவுதான் வழி. சேரவேண்டியவரிடம் சேராத மடல் பற்றிய அறிவிப்பு உறையில் உள்ள அனுப்புநருக்குத்தான் திரும்பும். அங்கே யாரும் திறந்து பார்க்காத ஒரு முகவரியை வைத்துவிட்டால், எத்தனை ரசீதுகள் போய்ச் சேரவில்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது.

இனி தமிழுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1982-இன் விதி, 0 முதல் 127 வரையான எண்களால் குறிக்கப்படும் எழுத்துகளை மட்டுமே அனுமதித்தது. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள், அவ்வளவுதான். தமிழ் இன்று கணினிகளுக்கிடையே பயணம் செய்வது பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்ற முறையில். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், அதாவது மூன்று எண்கள். முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128-க்கும் 191-க்கும் இடையில். ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்தான ‘ஸ’ 224, 174, 184 ஆகிறது. மூன்றுமே 127-ஐத் தாண்டியவை. பழைய விதியை அப்படியே பின்பற்றி, ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டை, அதாவது எட்டாவது இரும இலக்கத்தை, வெட்டிவிடும் சர்வரின் கையில் இது சிக்கினால், ஒவ்வொன்றிலிருந்தும் 128 கழிந்துவிடும். 96, 46, 56 மிஞ்சும். 96 ஒரு சாய்ந்த மேற்கோள் குறி, 46 ஒரு புள்ளி, 56 என்பது இலக்கம் 8. நம் ‘ஸ’ ஒரு மேற்கோள் குறியும் ஒரு புள்ளியும் ஓர் எட்டுமாகச் சிதைந்து போய்ச் சேரும்.

அந்தக் காலத்து விதியை மாற்றாமலே, அதன் மேல் புது வழி ஒன்றைக் கண்டார்கள். நாதனியல் பொரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992 ஜூனில் மைம் என்ற முறையை வெளியிட்டார்கள். அதே மாதம் கீத் மூர், தலைப்பு வரிகளுக்கான துணை விதியை எழுதினார். எந்தச் சர்வரும் சிதைக்காத 64 எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. மூன்று பைட்டுகளில் 24 பிட்டுகள் இருக்கின்றன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இந்த 64-இல் ஓர் எழுத்து. பேஸ்64 என்பது இதுதான்.

தமிழுக்கு மூன்று பைட்டு, பேஸ்64-க்கும் மூன்று பைட்டு. எனவே ஒரு தமிழ்க் குறி மிச்சமில்லாமல் சரியாக நான்கு எழுத்துகளாகிறது. ஒரு தமிழ்ச் சொல் தனியாக நின்றால், அந்த நான்கில் முதலாவது எப்போதும் இலக்கம் 4, இரண்டாவது கே, மூன்றாவது 6 அல்லது கூட்டல் குறி. எந்தக் குறி என்பதைச் சொல்லும் வேலை ஏறக்குறைய முழுவதும் நான்காவதன் தலையில். ‘ஸ’ என்பது 4, கே, 6, 4 ஆகிறது. மெய்யின் மேல் வைக்கும் புள்ளி 4, கே, +, என் ஆகிறது. மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்க்கும்போது, 4 கே 6, 4 கே + என்று மீண்டும் மீண்டும் வந்தால் அங்கே தமிழ் இருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

இப்போது ஊர்ப்பெயர்களை எண்ணுவோம். ஸ்ரீரங்கம்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி, ர, ங, புள்ளி, க, ம, புள்ளி, மொத்தம் 10 குறிகள். 30 பைட்டுகள், பேஸ்64-இல் 40 எழுத்துகள். தலைப்பு வரியில் இப்படிப் பொதிந்த துண்டு எதுவானாலும், ‘இது யூடிஎஃப்-8, பேஸ்64-இல் பொதிந்தது’ என்று சொல்லும் முன்குறியும் முடிவுக்குறியும் வேண்டும். இந்தப் பொதிக்கு 12 எழுத்துகள். ஆக 52. ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஸ்ரீரங்கம் தாராளமாக அடங்குகிறது.

திருவானைக்காவலுக்கு 15 குறிகள். 60 எழுத்துகள், பொதியோடு 72. மிச்சம் மூன்றுதான், இன்னொரு தமிழ்க் குறிக்கு நான்கு வேண்டும். ஒரு துண்டில் எவ்வளவு தமிழ் கொள்ளுமோ அந்த எல்லையில் மிகச் சரியாக நிற்கிறது அகிலாண்டேஸ்வரியின் ஊர். காவிரியைத் தாண்டித் திருச்சிராப்பள்ளிக்கு வந்தால் 17 குறிகள், 68 எழுத்துகள், பொதியோடு 80. எல்லையை ஐந்து எழுத்துகள் தாண்டிவிட்டது. நாம் வாயால் சொல்கிற ‘திருச்சி’ என்றால் 44-இல் முடிந்துவிடும். அரசாணையிலும் பல்கலைக்கழகச் சான்றிதழிலும் உள்ள முழுப்பெயர் என்றால் இரண்டு துண்டுதான்.

எங்கே உடைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் ஒரே துண்டுக்குள் இருக்கவேண்டும் என்கிறது விதி. முதல் துண்டை நிரப்பி உடைத்தால் ‘திருச்சிராப்பள்’ ஒரு பக்கம், ‘ளி’ ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடவேண்டும். பெறுபவரின் மென்பொருள் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டு இரண்டையும் ஒட்டிக் காட்டும். இது தெரியாமல் வெறும் பைட்டுக் கணக்கில் வெட்டினால் ஒரு ‘ப’வின் பாதி இங்கும் பாதி அங்கும் போய்விடும். பெறுபவர் ஊரின் பெயருக்கு நடுவே, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியைப் பார்ப்பார். அப்படிப்பட்ட தலைப்புகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தமிழைக் கணினி ஏற்காது என்று சொல்வதற்கு இதையே சான்றாகக் காட்டுவோரும் உண்டு. கணினியிடம் குறை இல்லை. வெட்டியவர் தவறான இடத்தில் வெட்டினார், அவ்வளவே.

மடலின் உடலுக்கும் இதே பேஸ்64-ஐப் பயன்படுத்தலாம். ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டு, 127-ஐத் தாண்டிய ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்துகளாக எழுதும் வேறொரு முறையும் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலமாக உள்ள மடலுக்கு அது சிக்கனம். தமிழுக்கு ஒரு குறிக்கு ஒன்பது எழுத்துகள் ஆகிவிடும். பைதான் மொழியின் மின்னஞ்சல் லைப்ரரி உள்ளடக்கத்தைப் பார்த்து, எது குறுகியதோ அதைத் தானே தேர்கிறது. இணைப்பாகப் போகும் பிடிஎஃப் ரசீதும் படமும் பேஸ்64-இல் மூன்றில் ஒரு பங்கு பருத்துத்தான் போகும். 25 எம்பி வரை என்று சொல்லும் சேவையில் 20 எம்பி கோப்பு ஏறாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் லைப்ரரி நமக்கு உதவாது. ‘ஸ்ரீ’ என்பதை யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். ஒன்று ‘ஸ’வில் தொடங்குவது. மற்றொன்று, 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் ஒருவகை மடல்கள் வரும், மற்றவை வராது. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி என்று பெயர் கொண்டவர்களின் ரசீதுகளுக்கும் இதே கதி. ‘கொள்ளிடம்’ என்ற பெயரிலும் இப்படியொரு சிக்கல் உண்டு, அது தீரக்கூடியது. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் இடலாம். இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்வதால், இயல்பாக்கும் செயல்கூறு ஒன்றை அழைத்தால் போதும், ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’க்கு அந்த விதி இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்தான் இரண்டையும் ஒன்றாகக் கருதும் வரியைச் சேர்க்கவேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மென்பொருள் எழுதுகிற யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

லைப்ரரியைக் கொண்டு எழுதும் நிரல் சில வரிகளில் முடிந்துவிடும். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, உள்ளடக்கம் என்று நான்கையும் நிரப்பு; சர்வரோடு இணை; இணைப்பை மறையாக்கம் செய்; உள்நுழை; அனுப்பு. பைதானில் அது மொழியோடே வருகிறது. பிஎச்பிக்குப் பிஎச்பிமெயிலர், நோட்.ஜேஎஸ்ஸுக்கு நோட்மெயிலர், ஜாவாவுக்கு ஜகார்த்தா மெயில். பாஸ்வேர்டை மட்டும் நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள். நிரல் என்றாவது பொதுவெளிக்குப் போகும். அதோடு பாஸ்வேர்டும் போகும்.

தானே எழுதாமல் லைப்ரரியை ஏன் நம்பவேண்டும் என்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். இணையப் படிவத்தில் ‘உங்கள் பெயர்’ என்ற கட்டத்தில் ஒருவர் பெயரை எழுதி, அதன்பின் ஒரு வரி முறிப்பையும், மறைபிரதி என்ற சொல்லையும், ஆயிரம் முகவரிகளையும் நுழைத்துவிடலாம். அதை அப்படியே மடலின் தலையில் ஒட்டும் நிரல், அந்த ஆயிரம் பேருக்கும் குப்பை மடலை அனுப்பும். பைதானின் இன்றைய லைப்ரரி, தலைவரியில் வரி முறிப்பைக் கண்டதுமே பிழை என்று நிறுத்திவிடுகிறது. லைப்ரரிகளும் தவறக்கூடியவையே. 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலரில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அனுப்புநர் முகவரியில் மேற்கோள் குறிக்குள் இடைவெளி வைக்கலாம் என்று மின்னஞ்சல் விதி அனுமதிக்கிறது. அதைப் பயன்படுத்தி, சர்வரின் மடல் அனுப்பும் மென்பொருளுக்குக் கூடுதல் கட்டளைகளைக் கடத்தி, அதன்வழியே சர்வரில் தங்கள் நிரலை ஓட்ட முடிந்தது. 5.2.18 பதிப்பில் வந்த திருத்தம் முழுமையாக இல்லாததால் சில நாட்களிலேயே 5.2.20 வந்தது. உலகெங்கும் பலர் ஒரே நிரலைப் பார்ப்பதால் ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது, அடைக்கவும் படுகிறது. புதுப் பதிப்பை நிறுவினவர்களுக்கு மட்டுமே அந்தப் பலன்.

சர்வர் 250 சொல்லிவிட்டால் மடல் படிக்கப்பட்டது என்று ஆகாது. 5-இல் தொடங்கும் பதில் வந்தால் விட்டுவிடவேண்டும். அப்படியொரு முகவரி இல்லை என்பதற்கான 550 அவற்றில் ஒன்று. 4-இல் தொடங்கினால் பிறகு முயலவேண்டும்: அரைமணி நேரமாவது பொறுத்து, நான்கைந்து நாட்கள் வரை விடாமல் என்கிறது ஆர்எஃப்சி 5321. பெரும்பாலான லைப்ரரிகள் பதிலை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மறுபடி முயல்வது நாம் அமர்த்தும் சர்வரின் வேலை. உறைக்கும் கடிதத்துக்கும் இடையிலான பிளவை அடைக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்புகள் வந்திருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோருக்கு இம்மூன்றும் கட்டாயம். கல்லூரியின் பெயரில் போகும் மடல் கல்லூரியின் சொந்த டொமைனிலிருந்து, இந்தச் சரிபார்ப்புகளோடு போகவேண்டும். யாரோ ஒருவருடைய சொந்த ஜிமெயில் பெயரை ஒட்டி வேறு சர்வரிலிருந்து அனுப்பினால், அது ஸ்பேமுக்குள் போய் விழ வாய்ப்பு மிக அதிகம்.

முகவரியையே தமிழில் எழுதவும் 2012 முதல் விதி இருக்கிறது; ஜிமெயில் 2014 முதல் அதை ஏற்கிறது. ‘.இந்தியா’ என்ற டொமைனும் உண்டு. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் அதை ஏற்கவேண்டும் என்பதால், தமிழ் முகவரியை மட்டும் நம்பி ஒரு சேவையை நடத்தும் நிலை இன்னும் வரவில்லை. தலைப்புக்கும் உடலுக்கும் அந்தத் தயக்கம் தேவையில்லை. அவற்றில் தமிழ் எழுத 1992-இலேயே வழி திறந்துவிட்டது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகு, எந்தக் குறியாக்கம் என்ற குழப்பத்துக்கும் காரணமில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, கணினியின் உள்வேலைகளை வார இதழ் வாசகர்களுக்குத் தமிழில் எழுதிக் காட்டினார். கணினியையே தமிழில் விளக்க முடிந்த ஊரில், ஒரு கட்டண ரசீதைத் தமிழில் அனுப்பத் தயங்குவதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

கோயிலுக்கும் கல்லூரிக்கும் மாநகராட்சிக்கும் கடைவீதிக்கும் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். தலைப்பைத் தமிழில் இடுங்கள். பிரிக்கும் வேலையை லைப்ரரியிடம் விட்டு, அதைப் புதுப் பதிப்பில் வைத்திருங்கள். பேரன் துணையில்லாமல் தன் ரசீதைத் தானே படிக்க விரும்பும் பாட்டி ஒருவர் அந்த மடலுக்குப் பதில் எழுதினால், அதைத் திறந்து படிக்க ஓர் ஆள் இருக்கும் முகவரியிலிருந்து அனுப்புங்கள்.